சித்தப்பா பிடித்துக் கொடுத்த உழவு மெஷின்

எங்கள் சித்தப்பாவின் முன்னால் யாரும் ‘மாடு வாங்கினேன்’ என்று சொல்லிவிட முடியாது. “கத்தரிக்காய்தான்டா வாங்கறது. மாட்டைப் பிடிக்கணும்” என்பார். ஸ்ரீரங்கத்தில் எங்கள் பக்கத்தில் யாருக்கு உழவு மாடு வேண்டுமென்றாலும் மணப்பாறைச் சந்தைக்கு அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பார். கடைசியில் அவர் கையும் விற்கிறவன் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்கிற வழக்கம் இல்லை. துண்டின் மறைவில் விரலைப் பிடித்தே கேட்பார்கள், விரலைப் பிடித்தே மறுப்பார்கள். துண்டை எடுக்கும்போது சித்தப்பாவின் முகத்தைப் பார்க்கவேண்டும், கல்யாண மாப்பிள்ளை தோற்றுப்போவான்.

அப்படிப்பட்டவர், அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம், கொம்பும் வாலும் இல்லாத ஒரு பெட்ரோல் மெஷினை என் அக்காவுக்குப் பிடித்துக் கொடுத்தார். அவர் கூட வந்தது என்னவோ காரியத்தைக் கெடுப்பதற்காகத்தான்.

அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான சில வருஷங்களிலேயே அவள் கணவர் காலமாகிவிட்டார். குழந்தை இல்லை. எங்கள் அப்பா போகும்போது ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூர்ப் பக்கம், கொள்ளிடக் கரையை ஒட்டி ஒரு சின்ன ஓட்டு வீட்டையும் அதன் பின்னால் ஒரு துண்டுத் தோட்டத்தையும் அவள் பேருக்கு எழுதிவைத்திருந்தார். தோட்டத்துக்கு மூன்று பக்கமும் சித்தப்பாவின் வாழை. நடுவில் அக்கா செவ்வந்தி போட்டு, பூவைச் சித்திரை வீதிக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை, சரியான காலத்தில், நல்ல உழவு. அது மட்டும் கிடைக்காது. வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் ஊரில் உள்ள ஏர் அத்தனையும் நெல் வயலுக்குப் போய்விடும். ஏர்க்காரரைக் கேட்டால், “நாளைக்கு வந்துடறேங்க” என்பார். அந்த நாளை ஆவணியில்தான் விடியும். வந்தாலும், இத்தனை குறுகல் நிலத்தில் மாட்டைத் திருப்ப முடியவில்லை என்று முணுமுணுப்பார். அதற்கு முந்தின வருஷம் வைகுண்ட ஏகாதசிக்கு ஊரே பூ விற்றுக் காசு பார்த்தது. அக்காவின் செடிகளில் மொட்டுதான் இருந்தது.

அதைப் பார்த்துவிட்டுத்தான் சித்தப்பா பேச்சை எடுத்தார்.

“இந்த வருஷம் ஆடிப்பெருக்குக்குள்ள நாத்து நட்டுட்டியா, சரி. இல்லேன்னா தோட்டத்தை என்கிட்ட விட்டுடும்மா. நான் வாழை போட்டுக்கறேன். நீ நம்ம வீட்டோட வந்துடு. ஒத்தைப் பொம்பளை எதுக்கு அந்தக் கரையில தனியாக் கிடக்கறே?”

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் ஆபத்தே. முறைத்துக்கொண்டு கேட்டிருந்தால் அக்காவும் முறைத்துக்கொண்டு முடியாது என்றிருப்பாள். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்கும்போது என்ன செய்வது? தலையை ஆட்டிவிட்டாள். நான் சித்தப்பா வீட்டில் வளர்ந்தவன், அப்போதும் அங்கேதான் இருந்தேன். எந்த நேரமும் சந்தைக் கூட்டம் போல ஆட்கள் வந்து போகிற வீடு அது. அந்த வீட்டுக்குள் ஒரு விதவைப் பெண் ‘வீட்டோட’ வந்துவிட்டால் நேராக அடுப்படிக்குப் போவாள், அப்புறம் வெளியே வரமாட்டாள். யாரும் கொடுமை செய்யமாட்டார்கள். யாருக்கும் அது கொடுமை என்றே தோன்றாது.

அன்று தன் வீட்டு வாசல்வரை என்னை வழியனுப்ப வந்தபோது அக்கா சொன்னாள்: “எனக்குன்னு ஒரு அடுப்பு இருக்குடா. நான் நெனைச்ச நேரத்துக்கு ஒரு காபி போட்டுக் குடிக்கறேன். அது போயிடும்போல இருக்கு.” சொல்லும்போது சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் அப்போது கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். ஆனி மாதத்தில் ஒருநாள், பொன்மலையிலிருந்து ஓர் ஆங்கிலோ இந்திய அம்மாள் வந்தார். பூப்போட்ட கவுன், குட்டையாக வெட்டிய நரைத்த தலை, ஆண்பிள்ளைச் செருப்பு. கணவர் ரயில் இஞ்சின் டிரைவராக இருந்து காலமானவர். அம்மாள் ஆஸ்திரேலியாவில் இருக்கிற மகளிடம் போகப் பத்திரங்கள் தயார் செய்துகொண்டிருந்தார். நான் டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது, தமிழில், “தம்பி, தோட்டம் உழுற மெஷின் ஒண்ணு கெடக்கு என் வீட்ல. யாராச்சும் வாங்குவாங்களா கேட்டுச் சொல்லு” என்றார். என் விரல்கள் தப்பான எழுத்தில் போய் விழுந்தன. அந்தப் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து அடித்தேன்.

அன்று சாயங்காலமே அக்காவிடம் சொன்னேன். அக்காவுக்கு முன்னால் விஷயம் சித்தப்பாவுக்குப் போய்விட்டது. எப்படிப் போனது என்று கேட்காதீர்கள், ஸ்ரீரங்கத்தில் அது அப்படித்தான். “மெஷினாம் மெஷின்! ஏமாத்தி ஓட்டைத் தகரத்தைத் தலையில கட்டிடுவான். நானும் வரேன்” என்று கிளம்பினார். ஒரு பார்வையில் ‘வேண்டாம்’ என்று சொல்லி எங்களைத் திருப்பிக் கூட்டிவந்துவிடுவது அவர் திட்டம். தோளில் சந்தைக்குப் போடுகிற புதுத் துண்டு இருந்தது. அதைப் பார்த்தபோதே எனக்கு லேசாக ஒரு நம்பிக்கை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பஸ் மாறிப் பொன்மலை போய்ச் சேர்ந்தோம். அம்மாள் வாசலுக்கு வந்து, “வா, உள்ள வா” என்று சித்தப்பாவைக் கூப்பிட்டார். அவருடைய தமிழில் ‘வாங்க’ கிடையாது. கலெக்டரே வந்தாலும் ‘வா’தான். சித்தப்பாவை ‘வா’ என்று கூப்பிட அந்த வயதில் யாரும் உயிரோடு இல்லை. மனிதர் ஒரு நிமிஷம் வாசலிலேயே நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

மெஷின் பின்பக்கத்துக் கொட்டகையில் நின்றது. ஒரு காலத்தில் பச்சை வர்ணம். முன்னால் இரண்டு சக்கரம், மேலே இஞ்சின், பின்னால் ஒரு தண்டில் வரிசையாக வளைந்த கத்திகள், பிடித்துக்கொள்ள சைக்கிளுக்கு இருப்பதுபோல நீளமான இரண்டு கைப்பிடிகள். ரயில்வேயில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமையிலிருந்து கப்பலில் கொண்டுவந்ததாம். சுதந்திரம் வந்ததும் அவர் ஊருக்குப் போக, டிரைவர் வாங்கிக்கொண்டாராம்.

சித்தப்பா வேலையை ஆரம்பித்தார். முதலில் சுற்றி வந்தார். சுழி தேடுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து கத்திகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

“ஒரு பல்லு விழுந்திருக்கே. வயசாயிட்ட உருப்படி.”

“வயசு ஆச்சுதான்” என்றார் அம்மாள். “எனக்கும் ஆச்சு. ரெண்டு பேரும் நல்லாத்தான் ஓடறோம்.”

“நடக்கவிட்டுக் காட்டுங்க, பார்ப்போம்.”

ஓட்டிக் காட்ட ஆள் வருவான் என்று நாங்கள் வாசலைப் பார்த்தோம். அம்மாள் ஒரு பழைய வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு தாமே கொட்டகைக்குள் போனார். இஞ்சின் பக்கத்துச் சின்னச் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி ஒரு இழுப்பு. இருமியது. இன்னொரு இழுப்பு. கிளம்பிய சத்தத்தில் பக்கத்து வீட்டு வான்கோழிகள் வேலிக்கு அந்தப்புறம் ஓடின. அம்மாள் கைப்பிடியில் இருந்த லீவரை அழுத்தினார். மெஷின் நகர்ந்தது, பின்னால் மண் கருகருவென்று புரண்டு விழுந்தது. கல்வாழைப் பாத்திக்கும் பப்பாளி மரத்துக்கும் நடுவில், ஒரு மாடுகூட நுழைய முடியாத சந்தில், போய்த் திரும்பி வந்தார். டிரைவர் எப்போதும் ரயிலில் இருந்ததால் தோட்டம் முழுக்க அம்மாளின் ராஜ்யமாம்.

நான் அக்காவைப் பார்த்தேன். முகத்தை எங்கேயோ திருப்பிக்கொண்டு நின்றாள். ஆசைப்பட்டுவிட்டால் அப்படித்தான் நிற்பாள், சின்ன வயதிலிருந்தே.

சித்தப்பாவும் தம்மை மறந்துவிட்டார். நல்ல மாடு நடந்து வந்து நின்றால் அவர் கை தானாகப் போய் அதன் விலாவில் ஒரு தட்டு தட்டும். அந்தப் பழக்கத்தில், “பலே!” என்று சொல்லிக்கொண்டு, கொதித்துக்கொண்டிருந்த சைலன்சரில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

அப்புறம் கொஞ்ச நேரம் வியாபாரம் நின்றுபோனது. அம்மாள் உள்ளே ஓடிப்போய் மஞ்சளாக ஏதோ களிம்பு கொண்டுவந்து அவர் உள்ளங்கை முழுக்கத் தடவி, துணி சுற்றி, “குழந்தை மாதிரி தொடுவியா?” என்று திட்டவும் திட்டினார். சித்தப்பாவின் பேரம் பேசுகிற வலது கை போயே போய்விட்டது. இருந்தாலும் என்ன பிரயோஜனம்? ஓர் அம்மாளின் கையைத் துண்டுக்குள் பிடிப்பதாவது!

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் வாயைத் திறந்து ‘என்ன விலைங்க?’ என்று கேட்டிருப்பார்கள். சித்தப்பாவுக்கு அது சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடுவது மாதிரி. எங்களைத் தடுக்க வந்தவர், தடுப்பதை அறவே மறந்துவிட்டார். நல்ல உருப்படி கண்ணெதிரே நிற்கிறது, பேரம் இல்லாமல் போவதா? இடது கையால் துண்டை எடுத்து உதறினார்.

“நீ பிடிம்மா” என்றார் அக்காவிடம்.

“நானா? எனக்கு என்ன தெரியும், சித்தப்பா?”

அவர் அவளைக் கொட்டகை ஓரமாகக் கூட்டிப்போய், எந்த விரலைப் பிடித்தால் எவ்வளவு என்று காதோடு பாடம் நடத்தினார். அம்மாள் என்னிடம், “இந்த ஆளுக்குக் கை வலி தலைக்கு ஏறிடுச்சா?” என்றார். சந்தை வழக்கத்தை விளக்கினேன். அம்மாளுக்கு ஒரே குஷி. கையைத் துடைத்துக்கொண்டு நீட்டிவிட்டார். சித்தப்பா இரண்டு பெண்களின் கைமேலும் துண்டைப் போர்த்திவிட்டு, இரண்டடி தள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அதுவும் முறைதான்.

துண்டு லேசாக அசைந்தது. அக்காவின் நெற்றி வியர்த்திருந்தது. கொஞ்ச நேரத்தில் அசைவு நின்றுவிட்டது, கைகள் மட்டும் வெளியே வரவில்லை.

“என்ன சொல்றாங்க?” என்றார் சித்தப்பா, திரும்பாமலே.

“ஒண்ணும் சொல்லலை சித்தப்பா. கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டே இருக்காங்க.”

“கெட்டியாப் பிடிச்சா சம்மதம்னு அர்த்தம்! விடாதே!”

அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. தெரியாதவர் கையைப் பிடித்துச் சம்மதம் வாங்குவது திருட்டு மாதிரி இருந்ததாம். பின்னால், திரும்பி வரும்போது சொன்னாள். அங்கேயே, பட்டப்பகலில், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி விலையைச் சொல்லிவிட்டாள். “இவ்வளவுதாம்மா நான் கேட்டேன். உங்களுக்குக் கட்டுப்படியாகுமா?”

சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

“ஆகும்” என்றார் அம்மாள். “போற எடத்துக்கு அதையா தூக்கிட்டுப் போவேன்? ஆனா நீயே ஓட்டணும். இந்தத் தம்பிகிட்டக் குடுக்காதே. இவன் கை டைப் அடிக்கிற கை.” இதைச் சொல்லும்போதும் அக்காவின் கையை விடவில்லை. கணவன் போய்விட்டால் வீட்டில் எந்தச் சாமானை முதலில் எடுத்துக்கொண்டு போக வருவார்கள் என்பதெல்லாம் இரண்டு பேருக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். எனக்கு அப்போது தெரியாது.

வந்த வேலை தலைகீழாகிவிட்டதே என்று சித்தப்பா வருத்தப்படுவார் என்று பார்த்தேன். எங்கே! மெஷினை ஏற்ற அவரே ஒரு மாட்டு வண்டியைப் பேசினார். காவிரிப் பாலம் நெடுக வண்டிக்குப் பின்னாலேயே நடந்துவந்து, எதிரில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும், “நம்ம பொண்ணுக்குப் பிடிச்சிருக்கேன். சீமை உருப்படி” என்று துணி சுற்றிய கையை ஆட்டிக்கொண்டு வந்தார். அக்கா வண்டியிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பயம் போகவில்லை. மெஷின் வந்தால் போதுமா, உழவேண்டாமா? ஆடி பிறந்துவிட்டிருந்தது.

உழவுக்கு நாள் பார்த்தது சித்தப்பாதான். எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியதும் அவர்தான். வேலி ஓரமாக அக்கம்பக்கத்து ஆண்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்க நின்றார்கள். அம்மாள் சொன்னது காதில் இருந்தாலும், இத்தனை பேர் முன்னால் ஆண்பிள்ளை நான் ஒதுங்கி நிற்பதாவது என்று கைப்பிடியைப் பிடித்தேன். கயிற்றை இழுத்ததும் கிளம்பியது. லீவரை அழுத்தினேன். அதற்குப் பிறகு மெஷினை நான் ஓட்டவில்லை, மெஷின்தான் என்னை ஓட்டியது. தோட்டத்தைக் குறுக்கே கடந்து, வரப்பைத் தாண்டி, சித்தப்பாவின் வாழைக்குள் புகுந்து, இரண்டு கன்றுகளைச் சாய்த்துவிட்டு, ஒரு பெரிய மரத்தில் மோதி ஓய்ந்தது. செருப்பு ஒன்று எங்கே போயிற்று என்று கடைசிவரை தெரியவில்லை.

வேலிப் பக்கம் ஒரே சிரிப்பு. அக்கா புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். “தள்ளுடா” என்றாள். இரண்டு பேருமாக மெஷினைத் தோட்டத்துக்கு இழுத்துவந்தோம். அவள் கைப்பிடியில் கை வைத்தாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. அண்டைத் தோட்டத்துக்காரர் ஒருவர், “பொம்பளை ஏர் பிடிக்கறதா? ஊருக்கு ஆகாதுங்களே” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எங்கள் பக்கத்தில் பெண்கள் நாற்று நடலாம், களை எடுக்கலாம், கதிர் அறுக்கலாம், ஏரை மட்டும் தொடக்கூடாது. அக்காவின் கை கைப்பிடியில் இருந்தபடியே நின்றுபோயிற்று. எல்லாரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள்.

அவர் வாழைக்குள் நின்றுகொண்டிருந்தார், சாய்ந்த கன்றை நிமிர்த்திப் பிடித்தபடி. அவர் ‘ஆமாம்’ என்று சொல்லவேண்டும் என்பதுகூட இல்லை. சும்மா தொண்டையைக் கனைத்தால் போதும். தோட்டம் அவருக்கு, அக்கா அவர் வீட்டு அடுப்படிக்கு. யாரும் அவரைக் குறை சொல்லமாட்டார்கள். வழக்கத்தைக் காப்பாற்றினார் என்று பேர்கூட வரும்.

“எதுய்யா ஏரு?” என்றார் சித்தப்பா.

கன்றை விட்டுவிட்டு வரப்பைத் தாண்டி வந்தார். “நுகத்தடி எங்க? மேழி எங்க? ஊருக்கே மாடு பிடிச்சுக் குடுத்தவன் நான், எனக்குத் தெரியாத ஏரா? இது மெஷினு. நான் பார்த்துப் பிடிச்சது. என் உருப்படி நட்ட நடுத் தோட்டத்துல நின்னுபோச்சுன்னு நாளைக்கு நீங்க பேசறதுக்கா? நீ ஓட்டும்மா.”

அக்கா ஓட்டினாள். முதல் சாலில் கொஞ்சம் கோணியது. இரண்டாவதில் நேராகிவிட்டது. சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெஷினுக்கு முன்னால் நடந்தார். கல்லையும் வேரையும் பொறுக்கி வேலிப் பக்கம் எறிந்துகொண்டே, “ஹை… ஹை…” என்று மெஷினை அதட்டிக்கொண்டு போனார். அது பெருமைக்காகச் செய்ததா, அக்காவின்மேல் இருந்த பாசத்தால் செய்ததா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். பெருமைதான் பாதி. மீதிப் பாதியை வாயால் சொல்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

நாற்று ஆடிப்பெருக்குக்கு முன்னாலேயே நட்டாகிவிட்டது. அந்த மார்கழியில் கடைவீதிக்கு முதலில் வந்தது அக்காவின் செவ்வந்திதான். அந்தச் சந்தோஷம் பின்னால் வந்தது.

நட்டு முடித்த அன்று கிணற்றடியில் கைகால் கழுவும்போது அக்கா, “ஆடிப்பெருக்கன்னைக்கு மத்தியானம் சாப்பாடு என் வீட்டுல, சித்தப்பா. சித்தியையும் கூட்டிட்டு வந்துடுங்க” என்றாள்.

“சித்தி எதுக்கு? அவ வந்துட்டா அங்க யாரு சமைக்கிறது?”

“ஒரு நாள் யாராச்சும் சமைக்கட்டும்.”

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆனால் ஆடிப்பெருக்கன்று சித்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அக்கா புளியோதரை, தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம் எல்லாம் செய்து, கூடத்தில் வரிசையாக இலை போட்டிருந்தாள். எங்களோடு உட்காரச் சொன்னதும் சித்திக்கு ஒன்றும் புரியவில்லை. “நீங்கள்லாம் சாப்பிடுங்க, நான் பரிமாறறேன்” என்று எழுந்துகொண்டே இருந்தார்கள். அக்கா தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். சித்தப்பா இலையைப் பார்த்தபடியே, “உக்காருடி. இது அவ வீடு. அவ சொல்றபடிதான்” என்றார்.

சித்தி உட்கார்ந்தார்கள். முதலில் சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டு, அவசரமாக இரண்டு வாய் சாப்பிட்டார்கள். யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கை நிதானத்துக்கு வந்தது. பிறகு தலையை நிமிர்த்தாமல், ரொம்ப மெதுவாக, “புளியோதரை இன்னும் கொஞ்சம் போடும்மா” என்றார்கள்.